கறுத்து ஒட்டும் மாட்டுக்கறி: இனத்தின் குற்றமா, கடைசி நான்கு நாளின் குற்றமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் நானும் என் தம்பியும் மாட்டுக்கறிக் கடையும், அதை ஒட்டிச் சிறிய பிரியாணிக் கடையும் நடத்தி வருகிறோம். வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையில் இரண்டு மூன்று எருதுகளை வாங்கி, சான்றிதழ் பெற்று, சனிக்கிழமை நள்ளிரவுக்கு மேல் அறுத்து, ஞாயிறு காலை ஐந்து மணிக்கு விற்பனையைத் தொடங்குவோம். சில வாரம் கறி நன்றாக இருக்கிறது. சில வாரம் கறுத்துப்போய், கத்தியில் ஒட்டி, மதியத்துக்குள் வாடை வந்துவிடுகிறது. சில வாரம் எவ்வளவு வேகவைத்தாலும் கடினமாகவே இருக்கிறது. 'கிழட்டு மாடு', 'நேற்றைய கறி' என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மார்கழியிலும் பங்குனியிலும் இந்தத் தொல்லை அதிகம். நாட்டு மாடு என்றால் இப்படித்தான், ஜெர்சி கலப்பு எருதாகப் பார்த்து வாங்கு என்கிறார் அப்பா. தரகரோ ஹள்ளிகார் எருதின் கறி கடினமாக இருக்குமே தவிரக் கறுக்காது என்கிறார். எந்த இனத்தை வாங்கினால் கறி சிவப்பாகவும் மென்மையாகவும் இருக்கும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கறி கறுத்து, ஒட்டி, சீக்கிரம் வாடை வருவது ஒரு குறை. கடினமாக இருப்பது வேறொரு குறை. வாங்குபவர் இரண்டையும் சேர்த்து 'கிழட்டு மாடு' என்று சொல்லிவிட்டுப் போகலாம். விற்கும் நீங்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் வழி புலப்படும். முதல் குறைக்கு மாட்டின் இனம் நேரடிக் காரணம் அன்று; அந்த எருது அறுபடுவதற்கு முன் கழித்த கடைசி மூன்று நான்கு நாட்களே காரணம். இரண்டாவது குறையில் இனத்துக்குப் பங்கு உண்டு என்றாலும், உங்கள் வியாபாரம் நடக்கும் விதத்தில் அந்தப் பங்கு மிகச் சிறியது. ஜெர்சி கலப்பைத் தேடி அலைவதற்கு முன், இப்போது வாங்கும் எருதையே எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாட்டின் தசையில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. நன்றாகத் தின்று அமைதியாக நிற்கும் மாட்டில், ஒரு கிலோ தசைக்கு ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் வரை இது இருக்கும். ஓடவும் முட்டவும் நடுங்கவும் வேண்டிய சக்தியை மாடு இதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அறுத்து இரத்தம் வடிந்த பிறகும் தசை உடனே அடங்கிவிடுவதில்லை. மூச்சுக்காற்று நின்றுபோன நிலையில், மிச்சமிருக்கும் கிளைக்கோஜனைச் சிதைத்து லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. புளிப்பைக் காட்டும் எண்ணுக்குப் பி.எச். என்று பெயர்; புளிப்பு கூடக்கூட இந்த எண் குறையும். உயிருள்ள தசையின் பி.எச். அளவு 7-ஐ ஒட்டி இருக்கும். இந்த அமிலம் சேரச்சேர அது ஏறத்தாழ ஒரு நாளில் 5.4 முதல் 5.7 வரை இறங்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த லேசான புளிப்புதான் கறியின் நிறத்தையும் ஆயுளையும் தீர்மானிக்கிறது. போதிய அளவு புளிக்க, அறுக்கும் வேளையில் கிலோவுக்கு 8 கிராம் அளவாவது கிளைக்கோஜன் கையிருப்பில் இருக்க வேண்டும்.

எருது பயந்தும் பட்டினி கிடந்தும் அந்தச் சேமிப்பை முன்பே செலவழித்துவிட்டால், அறுத்த பிறகு அமிலமாக மாறுவதற்கு எதுவும் இருக்காது. பி.எச். 6-க்குக் கீழே இறங்காமல் நின்றுவிடும். அப்போது தசை நார்கள் நீரை விடாமல் பிடித்துக்கொண்டு உப்பி நிற்பதால், வெட்டிய முகத்தில் விழும் வெளிச்சத்தைக் கறி உள்ளே இழுத்துக்கொள்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜனையும் தசைக்குள் இருக்கும் செல்கள் தாமே தின்றுவிடுவதால் சிவப்பு மலர்வதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் கறுப்பும் பிசுபிசுப்பும் இதுதான். வாடைக்கும் இதே காரணம்தான். கிருமிகள் முதலில் தின்பது சர்க்கரையை. அது இருக்கும்வரை பெரிதாக வாடை எழாது. சர்க்கரை இல்லாத கறியில் அவை நேராகப் புரதச்சத்தில் கை வைத்து, அமோனியாவையும் அழுகிய முட்டை வாடையுள்ள கந்தக வாயுவையும் உண்டாக்குகின்றன. அன்று விடியற்காலை அறுத்த கறியையே வாடிக்கையாளர் 'நேற்றைய கறி' என்று திட்டுவது இதனால்தான். அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. நீங்களும் பொய் சொல்லவில்லை.

வயதான எருதின் கறி இயல்பாகவே சற்றுக் கருஞ்சிவப்பாக இருக்கும், ஏனெனில் வயது ஏறஏறத் தசையில் நிறப்பொருள் கூடுகிறது. அதையும் இந்தக் குறையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொடைக் கறியில் ஒரு துண்டை வெட்டி, வெட்டிய முகத்தை மேலே பார்த்தபடி அரை மணி நேரம் காற்றில் வையுங்கள். வயதான கறி கருஞ்சிவப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செம்மை கொள்ளும், விரலால் தொட்டால் ஈரம் படும். சேமிப்பு கரைந்த எருதின் கறி நாவற்பழ நிறத்திலேயே நிற்கும், விரல் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், தட்டில் ஒரு சொட்டு நீர்கூட வடிந்திருக்காது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் 5 முதல் 8 வரை காட்டும் பி.எச். தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிய ஒரு சிறு துண்டைக் குளிர்பெட்டியில் வைத்து, திங்கட்கிழமை காலையில் அதில் பத்து கிராமை நன்றாக நசுக்கி, நூறு மில்லி சுத்தமான நீரில் கலக்கித் தாளை நனைத்தால் போதும். அளவு 6-க்கு மேல் என்றால் அது இந்தக் குறைதான்.

இனி அந்த எருதின் பயணத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமைதான் அது உங்கள் கைக்கு வருகிறது, ஆனால் அதன் கஷ்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அஞ்செட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் பத்து வருடம் ஒரே கொட்டகையில், ஒரே ஜோடியோடு கட்டப்பட்டிருந்த எருதை வியாபாரி புதன்கிழமை வீட்டு வாசலிலேயே விலை பேசி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாழ்நாளில் வண்டி இழுத்திருக்குமே தவிர, அது வண்டியில் ஏறியிருக்காது. சாய்பலகை இல்லாத சிறு சரக்கு வண்டியில் வாலை முறுக்கி ஏற்றுகிறார்கள். வளைவுக்கு வளைவு கால் ஊன்ற முடியாமல் தடுமாறி வந்து, வியாழக்கிழமை முழுவதும் முன்பின் தெரியாத ஐந்தாறு மாடுகளோடு ஒரே இடத்தில் கட்டுப்பட்டு நிற்கிறது. வெள்ளிக்கிழமை இருட்டோடு இருட்டாகச் சந்தைக்குக் கிளப்புவதற்கு முன், வயிறு ஒட்டித் தெரியக் கூடாது என்பதற்காகத் தண்ணீரை மட்டும் நிறையக் காட்டுபவர்களும் உண்டு. சந்தையில் ஆளாளுக்கு வாயைப் பிளந்து பல் பார்க்கிறார்கள், துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடியும்வரை அது வெயிலில் நிற்கிறது. மறுபடி வண்டி, மறுபடி புது இடம். சனிக்கிழமை அது உங்கள் இடத்தில் வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அன்று நள்ளிரவுக்கு மேல் அறுப்பு. நான்கு நாளாகச் செலவு மட்டும் உண்டு, வரவு இல்லை.

இதில் பலர் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடந்து களைப்பதைவிடப் பயந்து களைப்பதுதான் மாட்டுக்குப் பெரிய செலவு. அமைதியாகச் சில கிலோமீட்டர் நடந்து வந்த மாட்டின் சேமிப்பு அதிகம் குறைவதில்லை. பயத்தில் சுரக்கும் அட்ரினலினும், புது மாடுகளோடு முட்டி ஏறி இடம் பிடிக்கும் சண்டையும் அதைச் சில மணி நேரத்திலேயே காலி செய்துவிடக்கூடியவை. காயடிக்காத காளைகளில் இது இன்னும் மோசம் என்பதால், வாங்கும்போது காயடித்த எருதுக்கே முதலிடம் கொடுங்கள்.

செலவான சேமிப்பு ஓர் இரவில் திரும்ப நிரம்பிவிடாது. நமக்குச் சோறு தின்ற சில மணி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அசைபோடும் மாட்டுக்கு அப்படி இல்லை. தின்றதைப் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் முதலில் புளிக்கவைத்து வேறு அமிலங்களாக மாற்றி, அவற்றில் ஒரு பகுதியைக் கல்லீரல் எடுத்துச் சர்க்கரையாக்கி, அதன் பிறகே தசைக்குப் பங்கு போகிறது. நன்றாகத் தின்றாலும் இதற்குக் குறைந்தது இரண்டு மூன்று நாள் ஆகும். மோசமாகக் கரைந்திருந்தால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அறுப்பதற்கு முந்தின இரவு வெல்லத் தண்ணீர் ஊற்றினால் கறி சிவக்கும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. தாகம் தீரும் என்ற அளவில் அது நல்லதே. அந்த வெல்லம் விடிவதற்குள் தொடைத் தசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மார்கழியிலும் பங்குனியிலும் அதிகம் என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது மிகவும் மதிப்புள்ள குறிப்பு. ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதிகளிலிருந்து மார்கழிப் பனியிலும் தூறலிலும் திறந்த வண்டியில் நனைந்தபடி வரும் எருது, உடம்புச் சூட்டைக் காக்க நடுங்கிக்கொண்டே வருகிறது. நடுக்கம் என்பதே தசையின் வேலைதான். அதற்கும் இதே சேமிப்பைத்தான் அது கரைக்கிறது. பங்குனி வெயிலில் மூச்சு வாங்கி, தண்ணீர் கிடைக்காமல், தீனியை ஒதுக்கிவிடுகிறது. இனம்தான் காரணம் என்றால் ஆவணியிலும் புரட்டாசியிலும் இதே அளவு கறுத்திருக்க வேண்டும் அல்லவா? உங்கள் கடிதமே உங்கள் கேள்விக்குப் பாதி பதிலைச் சொல்லிவிட்டது.

பல ஆண்டுகளுக்கு முன் பாலக்கோட்டுப் பக்கம் கால்நடை மருத்துவராகப் பணியாற்றியபோது, ஒரே நுகத்தில் உழுத இரண்டு எருதுகள் சோதனைக்கு என்னிடம் வந்தன. ஒரே வீடு, ஒரே இனம், கிட்டத்தட்ட ஒரே வயது. ஒன்றின் அடையாளக் குறிப்பில் பிழை இருந்ததால் அதை நிறுத்திவைத்தேன். மற்றது அன்று இரவே அறுக்கப்பட்டது. அதன் கறியைக் காலையில் பார்த்தேன். கத்தியின் தட்டைப் பக்கத்தை வைத்து எடுத்தால் பசை போல் இழுத்தது, வெட்டிய முகம் மதியம்வரை கறுப்பாகவே இருந்தது. நிறுத்திவைத்த எருது, குறிப்பு திருத்தி வர ஒன்பது நாளானதால், அதுவரை கடைக்காரரின் மாமனார் வீட்டுப் புளியமரத்தடியில் சோளத்தட்டைத் தின்றுகொண்டு படுத்திருந்தது. அதன் கறி வெட்டிய சில நிமிடங்களிலேயே சிவந்துவிட்டது. அந்தக் கடைக்காரர் இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற மாட்டுக் கறி மாதிரி இருக்குதே சார்" என்றார். அன்றிலிருந்து, கறி கறுக்கிறது என்று யார் வந்தாலும், என்ன இனம் என்று கேட்பதற்கு முன் எத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்றே கேட்டு வருகிறேன்.

இப்போது இனத்துக்கு வருகிறேன். திமில் உள்ள நம் நாட்டு இனங்களின் கறி, திமில் இல்லாத ஐரோப்பிய இனங்களின் கறியைவிடச் சராசரியாகக் கடினம் என்பது ஆராய்ச்சியில் நிலைபெற்ற உண்மை. அறுத்த பிறகு தசையில் உள்ள கால்பெயின் என்ற நொதி, நார்களை மெல்ல அறுத்துக் கறியை மென்மையாக்குகிறது. அந்த நொதிக்குக் கடிவாளம் போடும் கால்பாஸ்டாட்டின் என்ற பொருள் திமில் இனங்களில் அதிகம். ஆஸ்திரேலியாவில் கறியின் உண்ணும் தரத்தைக் கணிக்கும்போது, உரித்த உடலில் திமிலின் உயரத்தையே அளந்து கணக்கில் சேர்க்கிறார்கள். அப்பா சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் அந்த நொதி வேலை செய்ய நாட்கள் வேண்டும். அங்கே கறியைக் குளிரறையில் ஒரு வாரம், இரண்டு வாரம் வைத்துப் பதப்படுத்தியபின் விற்கிறார்கள். இனத்தின் வேறுபாடு அந்த நாட்களில்தான் வளர்ந்து வெளிப்படுகிறது. நீங்கள் நள்ளிரவுக்கு மேல் அறுத்து ஐந்து மணிக்கு விற்கிறீர்கள். கறி சாவு விறைப்புக்குள் நுழைந்துகொண்டிருக்கும் நேரம் அது. எந்த இனமானாலும் காலை ஏறஏற அது இறுகத்தான் செய்யும். இதோடு சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958-இன்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, காயம், ஊனம் போன்றவற்றால் நிரந்தரமாக உதவாமல் போனது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்க முடியும். பசுவையும் கிடாரியையும் அறுப்பதை 1976-ஆம் ஆண்டின் அரசாணை தடை செய்கிறது. ஆகவே உங்களிடம் வருவது பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டி உழைத்து ஓய்ந்த எருது. அந்த வயதில் தசைகளைக் கட்டி நிற்கும் இணைப்புத் திசு முறுக்கேறி இறுகியிருக்கும். அதன் முன் இன வேறுபாடு ஒரு பொருட்டே அன்று. வயதால் வரும் கடினத்துக்கு மருந்து அடுப்பில் இருக்கிறது: சிறு தீயில், மூடிய பாத்திரத்தில், இரண்டு மணி நேரத்துக்கு மேல். கொதிக்கக் கொதிக்க அவசரப்படுத்தினால் நார் சுருங்கி இன்னும் இறுகும்.

கடினத்துக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. சேமிப்பு முற்றிலும் கரையாமல் பாதி கரைந்திருந்தால், பி.எச். 5.8-க்கும் 6.2-க்கும் இடையில் நின்றுவிடும். பார்வைக்குக் கறி அவ்வளவு கறுப்பாக இராது, ஆனால் மெல்லுவதற்கு மிகக் கடினமானது இந்த இடைப்பட்ட கறிதான். 'எவ்வளவு வேகவைத்தாலும்' என்று நீங்கள் எழுதியிருக்கும் வாரங்களில் சில இந்த வகையாக இருக்கலாம், பி.எச். தாள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இனம் உண்மையாகவே குறுக்கிடும் இடம் ஒன்று இருக்கிறது. அது மாட்டின் குணம். ஹள்ளிகாரும் ஆலம்பாடியும் வேகத்துக்கும் உழைப்புக்கும் பெயர் பெற்றவை. புது ஆள், புது ஓசை, புது வாடை எதற்கும் காதை விறைத்து நிமிர்பவை. ஆலம்பாடி இனத்துக்கென்று காரிமங்கலம் அருகே ஆராய்ச்சி மையமே இருக்கிறது. அதன் அருமையை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேய்ச்சல் காட்டில் வளர்ந்த அந்தத் துடிப்புதான் சந்தையிலும் வண்டியிலும் அதற்கு எதிரியாகிவிடுகிறது. (பர்கூர் மலைமாட்டையும் இதே வரிசையில் வைக்கலாம். அது அந்தியூர் பக்கத்துப் பர்கூர் மலையின் இனம், நம் கிருஷ்ணகிரிப் பர்கூருக்கு உரியது அன்று என்பதைச் சந்தையில் பலர் மாற்றிச் சொல்கிறார்கள்.) ஜெர்சி கலப்பு, கறவைக் கொட்டகையில் மனிதர் கைபட்டே வளர்வதால் அவ்வளவு மிரளுவதில்லை. அதனால் சில வாரம் அதன் கறி குறைவாகக் கறுக்கலாம். உங்கள் அப்பா பார்த்தது அதுவாகவே இருக்கும். ஹள்ளிகார் கறுக்காது என்ற தரகரின் பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். மிரளும் மாடு எதுவானாலும் கறுக்கும்.

ஜெர்சி கலப்பை வாங்கினால் வேறொரு சண்டையும் வரும். அதன் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். பசுந்தீவனத்தில் உள்ள மஞ்சள் நிறப்பொருள் அந்த இனத்தில் கொழுப்பில் போய்ப் படிகிறது. அது நோயும் அன்று, கெடுதலும் அன்று. கொழுப்போடு தசைநாண்களும் உள்சவ்வும் கண்ணின் வெள்ளையும் சேர்ந்து மஞ்சளாக இருந்தால் அது காமாலை. அந்தக் கறியை விற்கக் கூடாது, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, வெள்ளிக்கிழமை வாங்கும் எருதை மறுநாள் இரவு அறுக்காமல் அடுத்த சனிக்கிழமைக்கு வைப்பதுதான். இந்த வாரம் வாங்கியது அடுத்த வாரத்துக்கு, அடுத்த வாரம் வாங்குவது அதற்கடுத்த வாரத்துக்கு. முதல் வாரம் மட்டும் இரட்டை முதல் போட வேண்டியிருக்கும். அதன் பிறகு கூடுவது தீவனச் செலவும் இடமும்தான். மதியத்துக்குள் வாடை வந்து நீங்கள் குப்பையில் கொட்டும் கறியின் விலையை ஒரு மாதம் எழுதிக் கூட்டிப் பாருங்கள், தீவனச் செலவு பெரிதாகத் தோன்றாது. இந்த எட்டு நாளும் எருது அறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம். இரைச்சலும் இரத்த வாடையும் உள்ள இடத்தில் எத்தனை நாள் கட்டினாலும் அது ஓய்வாகாது. வீட்டுத் தோட்டமோ, உறவினர் கொட்டகையோ, நிழலும் தண்ணீரும் உள்ள எந்த அமைதியான இடமும் போதும்.

கேழ்வரகுத் தாளும் சோளத்தட்டும் தின்னும் அளவுக்குப் போடுங்கள், கிடைத்தால் பசும்புல்லும் சேருங்கள். கிளைக்கோஜன் நிரம்ப மாவுச்சத்து வேண்டும் என்பதால் மக்காச்சோள மாவையோ கேழ்வரகு மாவையோ தவிட்டோடு பிசைந்து, முதல் நாள் அரைக் கிலோவில் தொடங்கி, மூன்று நான்கு நாளில் ஒன்றரைக் கிலோவரை ஏற்றலாம். பட்டினி கிடந்த மாட்டுக்கு எடுத்த எடுப்பில் அதிக மாவு வைத்தால் வயிறு புளித்து உயிருக்கே ஆபத்தாகும். நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் குச்சிக்கிழங்குத் திப்பியை (மரவள்ளிக்கிழங்கில் மாவெடுத்தபின் மிஞ்சும் சக்கை) நன்றாக உலர்ந்ததாகப் பார்த்துக் கொஞ்சம் சேர்க்கலாம். அந்தக் கிழங்கின் பச்சை இலையையும் தோலையும் போடாதீர்கள், அவற்றில் உள்ள சயனைடு நஞ்சு மாட்டைக் கொன்றுவிடும். அறுக்கும் நாள் மதியத்தோடு தீனியை நிறுத்துங்கள். தண்ணீரைக் கடைசிவரை நிறுத்தாதீர்கள்.

ஜோடியாக வந்த எருதுகளைப் பிரிக்காதீர்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் கட்டுங்கள். இன்னொரு கவனமும் தேவை: இந்த வெள்ளிக்கிழமை வந்த புது மாடுகளை, நாளை அறுக்கப்போகும் மாடுகள் இருக்கும் கொட்டகையில் கொண்டுபோய்க் கட்டினால், எட்டு நாள் சேர்த்ததை ஓர் இரவுச் சண்டையில் இழப்பீர்கள். ஆஸ்திரேலியத் தர முறையில், பண்ணையை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின 14 நாட்களில் புது மாடுகளைக் கூட்டத்தில் கலக்கக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். இரண்டு தடுப்புகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கும் விதி இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள்படி, ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, ஒரு ஆள் உடன் வர வேண்டும், ஏற்றுவதற்கு முன் தீனியும் தண்ணீரும் கொடுத்திருக்க வேண்டும். சாய்பலகை ஒன்றைச் செய்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தரையில் மணலும் வைக்கோலும் பரப்புங்கள். வாலை முறுக்குவது, படுத்த மாட்டின் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவது ஆகியவற்றை உங்கள் ஆட்களோ வியாபாரியோ செய்தால் அன்றே நிறுத்துங்கள். பத்து வருடம் ஒரு குடும்பத்துக்கு உழுது சோறு போட்ட உயிர் அது. கறியின் தரத்தைப் பற்றிப் பேச்சே எழாவிட்டாலும் இதை நான் உங்களிடம் கேட்டிருப்பேன்.

அறுக்கும் இரவைப் பற்றி, அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் தம் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தி வருவது ஒன்று: மாடு எதைக் கண்டு நிற்கிறது என்று, மாடு நடக்கும் பாதையில் நாமே நடந்து, அதன் கண் உயரத்தில் குனிந்து பார்க்க வேண்டும். ஈரத் தரையில் மின்னும் விளக்கொளி, ஆணியில் மாட்டிய சட்டை, காற்றில் ஆடும் சாக்கு என்று நமக்குப் பொருட்டில்லாத ஒன்று அதற்குப் பெரிய அச்சமாக இருக்கும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாடு தானே நடக்கும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு அடித்தாலும் போகாது. ஆகவே முகத்தில் அடிக்காதபடி உள்ளே ஒரு விளக்கைப் போடுங்கள். கால் வழுக்காதபடி தரையைச் சொரசொரப்பாக வையுங்கள். ஒரு மாட்டின் கண் முன்னே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்பது 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளிலேயே இருக்கிறது. ஒரு படுதாத் தடுப்பு போதும். மாடு கத்துகிறதா என்று கவனியுங்கள். நூறு மாட்டில் மூன்றுக்கு மேல் கத்தினால் கையாளும் முறையில் தவறு என்பது கிராண்டின் வகுத்த அளவுகோல். உங்கள் மாடு வாரா வாரம் கத்துகிறது என்றால் தவறு மாட்டிடம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வாரம் கறுத்த கறி வந்துவிட்டால், அதைச் சில்லறையாக விற்காமல் முதல் அண்டாவிலேயே சமைத்துவிடுங்கள். உப்பு அதில் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் துண்டைச் சிறியதாகப் போடுங்கள். வெந்த பிறகும் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். நிறத்தை வைத்து வெந்ததா இல்லையா என்று முடிவு செய்யாமல், நேரம் வைத்து முழுமையாக வேகவிடுங்கள். நாள் தள்ளி வைக்க அந்தக் கறி தகுதியற்றது. நல்ல கறியை மிச்சம் பிடிக்கும்போதும், அறுத்த சூட்டோடு சிறு துண்டுகளாக்கி உறைபெட்டியில் போடாதீர்கள். விறைப்பு முடிவதற்குள் பத்து டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தசை சுருங்கி ரப்பராகிவிடும். எலும்போடு பெரிய துண்டாகக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலை வெட்டி உறைபெட்டிக்கு மாற்றுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு எருதுக்கும் எங்கிருந்து வந்தது, எந்த இனம், எத்தனை நாள் ஓய்ந்தது, முட்டிக்கொண்டதா, மழையோ பனியோ இருந்ததா, திங்கட்கிழமை பி.எச். எவ்வளவு என்று எட்டு வாரம் எழுதி எனக்கு அனுப்புங்கள். அந்தக் கணக்கை வைத்து உங்கள் இடத்துக்கு ஏற்றபடி ஓய்வு நாளைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். மார்கழி வருவதற்குள் கொட்டகையில் வாடைக்காற்று அடிக்கும் பக்கம் ஒரு தட்டியும், வண்டிக்கு ஒரு தார்ப்பாயும் தயார் செய்துவிடுங்கள்.